எக்கோ நார்மல், பிறகு எதற்குக் குழாய் விழுங்க வேண்டும்?

கடிதம் எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 52. கணக்கெழுதும் வேலை. ஆறு ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு காலையில் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, சொல்ல வந்த வார்த்தை நாக்கு வரை வந்து நின்றுவிட்டது. வலது கையில் பிடித்திருந்த பேனா நழுவிக் கீழே விழுந்தது. களைப்பு என்று நினைத்து இரண்டு மணி நேரம் படுத்திருந்துவிட்டு, அப்புறம்தான் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையின் இடப்பக்க மேற்பரப்பில் ஒரு சின்னப் பக்கவாதம் தெரிந்தது. கழுத்து ரத்தக்குழாய்களில் அடைப்பு இல்லை. ஈ.சி.ஜி. சரி, இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் 24 மணி நேர ஹோல்டர் சரி, நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்த எக்கோவும் நார்மல். கை முழுதாகத் திரும்பிவிட்டது. பேச்சில் மட்டும் எப்போதாவது ஒரு தடுமாற்றம். டிஸ்சார்ஜ் சீட்டில் 'காரணம் கண்டறியப்படவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது நரம்பியல் மருத்துவர் டி.இ.இ. என்ற பரிசோதனைக்குப் போகச் சொல்கிறார். வாய் வழியாகக் குழாயை இறக்கி, உணவுக்குழாயிலிருந்து இதயத்தைப் பார்க்கும் எக்கோ அது. வாசகிக்கு அதில் பயம், கோபமும்கூட. 'எக்கோ நார்மல், நெஞ்சுவலியே வந்ததில்லை, பிறகு எதற்கு இது? சி.டி. எடுத்தால் போதாதா?' என்று கேட்கிறார். அண்ணனின் நண்பர் ஒருவருக்கு இதயத்தில் ஓட்டை இருந்து, குடை மாதிரி ஒரு சாதனத்தால் அடைத்தார்களாம். 'ஓட்டை இருந்தால் உடனே அடைத்துவிடு' என்பது அண்ணனின் கட்சி. 'சோதனையே வேண்டாம், ரத்தத்தை நன்றாக இளக்குகிற பெரிய மாத்திரையைக் கேட்டு வாங்கு' என்பது இன்னோர் உறவினரின் கட்சி. கூடவே மகளைப் பற்றி ஒரு பின்குறிப்பும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தோடு இணைத்திருந்த மருந்துச் சீட்டைப் பார்த்தேன். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் இரண்டையும் மூன்று வாரத்துக்குச் சேர்த்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். 'இன்றுவரை இரண்டையும் ஒருநாள்கூட விடாமல் சாப்பிடுகிறேன்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சிறிய பக்கவாதத்துக்குப் பிறகு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது சரியான வைத்தியம்தான். ஆனால் அதன் பலன் பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு இரண்டையும் நீட்டித்தால் பலன் கூடுவதில்லை, ரத்தக்கசிவு ஆபத்துதான் கூடுகிறது. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், ஒன்று கட்டாயம் தொடர வேண்டும். எதைத் தொடர்வது என்று இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் போனிலாவது கேளுங்கள். டி.இ.இ. இரண்டு வாரம் தள்ளிப்போனால் பரவாயில்லை, இது தள்ளிப்போகக் கூடாது.

'நார்மல்' என்ற சொல் எவ்வளவு தூரம் போகும்

மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டு வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, வழக்கமான பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகும் காரணம் தெரிவதில்லை. அவற்றில் பல, ஒரு சின்ன ரத்தக்கட்டி வேறெங்கோ உருவாகி மிதந்து வந்து மூளைக்குழாயில் சிக்கியது போலவே இருக்கும். உங்கள் எம்.ஆர்.ஐ.யும் அந்த மாதிரிதான். மூளையின் மேற்பரப்பில் ஒரு திட்டு, கழுத்துக் குழாய்கள் சுத்தம். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் முதலில் இதயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். நெஞ்சுவலி வராதது இதற்குப் பதில் ஆகாது. வலி வருவது இதயத் தசைக்கு ரத்தம் போதாதபோது. இதயத்துக்குள் ரத்தம் தேங்கி உறைவதும், அந்த உறைவு கிளம்பிப் போவதும் வலிக்கவே வலிக்காது.

சரி, அப்படியென்றால் எக்கோ ஏன் நார்மல்? நெஞ்சின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும்போது, விலா எலும்புகளுக்கும் நுரையீரலுக்கும் இடையில் கிடைக்கிற சந்து வழியாகத்தான் பார்க்கிறோம். கீழறைகள் எப்படிச் சுருங்குகின்றன, வால்வுகள் எப்படி இருக்கின்றன என்பதை அது நன்றாகவே காட்டும். முன்பு மாரடைப்பு வந்து தசை செயலிழந்து அங்கே கட்டி உறைந்திருக்கிறதா, வால்வு சுருங்கியிருக்கிறதா என்ற கேள்விகளுக்கு உங்கள் எக்கோ 'இல்லை' என்று பதில் சொல்லிவிட்டது. அந்தப் பதிலை நான் நம்புகிறேன்.

அது சரியாகக் காட்டாத இடங்களும் உண்டு. இடது மேலறையின் ஓரத்தில் விரல்நுனி மாதிரி ஒரு சின்னப் பை நீட்டிக்கொண்டிருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு இருப்பவர்களுக்கு ரத்தம் உறைவது பெரும்பாலும் இந்தப் பைக்குள்தான். நெஞ்சின் முன்பக்கமிருந்து பார்த்தால் அது தொலைவில், மங்கலாகத்தான் தெரியும். இரண்டு மேலறைகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய சுவர், மகாதமனி வளைவின் உட்புறம் ஆகியவையும் அப்படித்தான். உணவுக்குழாயோ இடது மேலறையின் முதுகை ஒட்டியே இறங்குகிறது. அங்கிருந்து பார்த்தால் இவை அனைத்தும் கைக்கெட்டும் தூரம். டி.இ.இ.யின் ரகசியம் இவ்வளவுதான். அது இன்னும் 'பவர்ஃபுல்' ஆன கருவி இல்லை, பின்வாசல் வழியாகப் பார்க்கிறது. எக்கோ பார்த்தே காலம் கழித்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன்: நாங்கள் 'நார்மல்' என்று எழுதும்போது, 'நான் பார்த்தவரை' என்ற இரண்டு வார்த்தையை விட்டுவிடுகிறோம்.

உங்கள் ரிப்போர்ட்டின் நான்காவது வரியை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. 'இடது மேலறை லேசாகப் பெரிதாகியுள்ளது' என்று இருக்கிறது. பயப்பட வேண்டாம். ஆறு வருட ரத்த அழுத்தம் இதைச் செய்யும். ஆனால் பெரிதான மேலறையில் துடிப்பு தாறுமாறாவதற்கு வாய்ப்பு அதிகம், அதனால் இந்த வரி எனக்கு முக்கியம்.

ஓட்டை இருப்பது வேறு, அதுதான் காரணம் என்பது வேறு

அண்ணனுக்கு இந்தப் பகுதியைக் காட்டுங்கள். கருவில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் மேலறைச் சுவரில் ஒரு கதவு திறந்திருக்கும். நுரையீரல் வேலை செய்யாத அந்த நாட்களில் ரத்தம் குறுக்கே போக அது வேண்டும். பிறந்த பிறகு கதவு மூடி ஒட்டிக்கொள்ளும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு முழுதாக ஒட்டுவதில்லை. இதைத்தான் பி.எஃப்.ஓ. என்கிறோம். ஓட்டை என்பதைவிட, தாழ்ப்பாள் போடாத கதவு என்றால் பொருந்தும். இருமும்போதோ முக்கும்போதோ சற்றுத் திறக்கும். காலில் உறைந்த ஒரு சின்னக் கட்டி அந்த நேரம் பார்த்து வந்தால், நுரையீரலில் வடிகட்டப்படாமல் நேரே மூளைக்குப் போக வழி கிடைக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தெருவில் போகிற நான்கு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது என்றால், பக்கவாதம் வந்த ஒருவரிடம் இதைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமே இல்லை. அவருக்கு இது பக்கவாதத்துக்குச் சம்பந்தமே இல்லாமலும் இருந்திருக்கலாம். திருட்டு நடந்த வீட்டில் ஒரு சன்னல் திறந்து கிடந்தது என்பதற்காக, திருடன் அதன் வழியாகத்தான் வந்தான் என்று எழுதிவிட முடியாது.

இதை எடைபோட ரோப் என்ற ஒரு மதிப்பெண் முறை 2013 முதல் இருக்கிறது. மொத்தம் 10. ரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, முன்பு பக்கவாதம் இல்லை, புகைப்பழக்கம் இல்லை, பாதிப்பு மூளையின் மேற்பரப்பில் இருக்கிறது என்ற ஒவ்வொன்றுக்கும் ஒன்று. வயது குறையக் குறைய மதிப்பெண் கூடும்; ஐம்பதுகளில் இருப்பவருக்கு 2. உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் அந்த ஒன்று போய் 6 வருகிறது. காரணம் தெரியாத பக்கவாதம் வந்து, 6 மதிப்பெண்ணும் எடுத்த ஒருவருக்கு பி.எஃப்.ஓ. இருந்தால், அதுவே காரணமாக இருக்க சுமார் 62 சதவீத வாய்ப்பு என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. சந்தேகப்படப் போதும், தீர்ப்பெழுதப் போதாது.

அதனால்தான் டி.இ.இ. உங்களுக்கு வெறும் சம்பிரதாயம் இல்லை. கதவு இருக்கிறதா என்பதோடு, வழியாக எவ்வளவு போகிறது, அந்தச் சுவர் தளர்ந்து இரண்டு பக்கமும் ஆடுகிறதா என்பதையும் அது சொல்லும். கை நரம்பில் நன்கு குலுக்கிய உப்புநீரைச் செலுத்தி, அதிலுள்ள நுண்ணிய குமிழிகள் இடப்பக்கம் தாண்டுகின்றனவா என்று எண்ணுவோம். 20-க்கு மேல் தாண்டினாலோ, சுவர் பெரிதாக ஆடினாலோ, உங்கள் விஷயத்தில் பி.எஃப்.ஓ. காரணமாக 'இருக்கலாம்' என்ற வகைக்கு வரும். அப்போது சாதனம் வைத்து அடைப்பதைப் பற்றிப் பேசலாம். நாலைந்து குமிழிதான் போகிறது, சுவரும் நேராக இருக்கிறது என்றால், உங்கள் வயதிலும் ரத்த அழுத்தத்தோடும் அது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதை அடைத்து நீங்கள் அடையப்போவது ஒன்றுமில்லை.

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 2012, 2013-இல் வந்த முதல் மூன்று சோதனைகள் அடைப்பதால் தெளிவான பலனைக் காட்டவில்லை. 2017-இல் ஒரே சமயத்தில் வந்த மூன்று ஆய்வுகள் நிலைமையை மாற்றின. அவற்றில் க்ளோஸ் என்ற ஆய்வு நிறையக் குமிழி தாண்டுபவர்களையும் ஆடும் சுவர் உள்ளவர்களையும் மட்டுமே சேர்த்தது. சராசரியாக ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்ததில், அடைத்துக்கொண்ட 238 பேரில் ஒருவருக்கும் மறுபடி பக்கவாதம் வரவில்லை. மாத்திரை மட்டும் சாப்பிட்ட 235 பேரில் 14 பேருக்கு வந்தது. பிரமாதமான பலன்தான், ஆனால் தேர்ந்தெடுத்த ஆட்களில். அதே ஆய்வில், அடைத்தவர்களில் 4.6 சதவீதம் பேருக்குப் புதிதாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தது, மற்றவர்களில் 0.9 சதவீதம். பெரும்பாலும் ஆரம்பத்தில் வந்து போய்விடுவதுதான். ஆனாலும் இலவசமான சிகிச்சை எதுவும் இல்லை.

படத்தில் பிடிபடாத சந்தேக நபர்

எந்த ஸ்கேனும், எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், துடிப்பு எப்போதாவது தடம் மாறுகிறதா என்பதைச் சொல்லாது. உங்கள் வயது, ரத்த அழுத்தம், சற்றே பெரிதான அந்த மேலறை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஓட்டையைவிட எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மேல்தான் கண். அது நாள் முழுக்க இருக்க வேண்டியதில்லை. மாதத்தில் ஒருநாள் சில மணி நேரம் வந்து, உங்களுக்குத் தெரியாமலே போய்விடலாம். 24 மணி நேர ஹோல்டர் போட்ட அன்று அது வரவில்லை என்பதுதான் நமக்குத் தெரிந்தது.

காரணம் தெரியாத பக்கவாதம் வந்தவர்களுக்குத் தோலுக்கடியில் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சிறிய லூப் ரெக்கார்டரைப் பொருத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2014-இல் வந்தது. ஆறு மாதத்தில் 8.9 சதவீதம் பேரிடம் இந்தத் துடிப்பு பிடிபட்டது. வழக்கமான முறையில் தேடியவர்களில் 1.4 சதவீதம்தான். மூன்று வருடத்தில் ரெக்கார்டர் பொருத்தியவர்களில் 30 சதவீதம். தேடினால் கிடைக்கிறது என்பது தெளிவு. பக்கவாதம் வந்து இரண்டு வருடம் கழித்து இரண்டு நிமிடம் வந்துபோன துடிப்புதான் அன்றைய பக்கவாதத்துக்குக் காரணமா என்றால், அங்கேயும் அதே சன்னல் கதைதான். ஆனால் நீடித்து வருகிற துடிப்பு கிடைத்துவிட்டால் வைத்தியமே மாறும். உறவினர் சொன்ன பெரிய மாத்திரை அப்போது நியாயமாகத் தேவைப்படும்.

பி.எஃப்.ஓ.வை அடைக்க யோசிப்பவர்களில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் ஆபத்து உள்ளவர்களுக்கு, அதற்கு முன் குறைந்தது 28 நாட்கள் துடிப்பைப் பதிவு செய்து பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நரம்பியல் அகாதமி 2020-இல் ஆலோசனை வழங்கியது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனால் வந்த பக்கவாதத்துக்குக் கதவை அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களைத் தடுக்கத்தான் இது.

பெரிய மாத்திரை, உடனே?

தர்க்கம் சரியாகத்தான் தோன்றும்: கட்டி மிதந்து வந்திருக்கிறது, ஆகவே உறைதலைத் தடுக்கும் வலுவான மருந்தைக் கொடுப்போம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். 2018-இல் காரணம் தெரியாத பக்கவாதம் வந்த ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம், ரிவராக்ஸபான் என்ற அந்த வகை மருந்தை ஆஸ்பிரினோடு ஒப்பிட்டார்கள். மறுபடி பக்கவாதம் வந்த வேகம் இரண்டு பக்கமும் ஒன்றே, ஆண்டுக்கு 4.7 சதவீதம். பெரிய ரத்தக்கசிவு மட்டும் 0.7-லிருந்து 1.8 சதவீதமாக ஏறியது. அடுத்த ஆண்டு அதே வகையைச் சேர்ந்த டாபிகட்ரானும் ஆஸ்பிரினை மிஞ்சவில்லை. மேலறையில் கோளாறு அறிகுறி உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து அபிக்ஸபான் கொடுத்துப் பார்த்த முடிவு 2024-இல் வந்தது; அதிலும் வித்தியாசமில்லை. எனவே காரணம் கிடைக்காதவரை, பெரிதான மேலறை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மாத்திரைக்கு மாறாதீர்கள்.

சி.டி. போதுமா?

நல்ல கேள்வி. சி.டி. அந்தச் சின்னப் பையையும் மகாதமனியையும் நன்றாகக் காட்டும், குழாய் விழுங்கவும் வேண்டாம். ஒரு நிமிடம் கழித்து இரண்டாம் முறை எடுத்தால், மெதுவாக ஓடும் ரத்தத்தைக் கட்டி என்று தவறாக நினைக்காமல் தப்பிக்கலாம். மேலறைச் சுவர் ஆடுவதையும் குமிழி தாண்டுவதையும் பார்ப்பதற்கு மட்டும் அது டி.இ.இ.க்கு ஈடு இல்லை. உங்கள் முடிவைத் தீர்மானிப்பது அந்தச் சுவர்தான். சி.டி.க்குச் சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும், கதிர்வீச்சும் உண்டு. எம்.ஆர்.ஐ. இதயப் படம் கீழறைத் தழும்புகளுக்கும் அங்குள்ள கட்டிகளுக்கும் சிறந்தது. உங்கள் கீழறை நன்றாகச் சுருங்குவதால் அதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

இன்னொரு உண்மையையும் மறைக்க விரும்பவில்லை. ஆம்ஸ்டர்டாமில் பக்கவாதம் வந்து சேர்ந்தவர்களுக்கு அந்த நேரத்திலேயே இதய சி.டி.யும் எடுத்தார்கள். 2022-இல் வெளியான முடிவின்படி, ஆபத்தான மூலம் சுமார் 11 சதவீதம் பேரிடம் கிடைத்தது. சாதாரண எக்கோவில் சுமார் 5 சதவீதம்தான். உங்களுக்கு மூன்று மாதம் ஓடிவிட்டது, மருந்தும் சாப்பிட்டிருக்கிறீர்கள். அன்று கட்டி இருந்திருந்தாலும் இன்று கரைந்திருக்கலாம். ஆகவே டி.இ.இ.யில் கட்டி தென்படவில்லை என்றால் அதற்கு அவ்வளவு அர்த்தம் கொடுக்காதீர்கள். கலையாமல் அங்கேயே இருப்பவை சுவரும் தமனியும்தான். தேடப் போவதும் அவற்றைத்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில், விழித்திருக்கும்போதே நெஞ்சின் மேல் எக்கோ வைத்துக் குமிழிச் சோதனை செய்ய முடியுமா என்று கேட்பேன். தலையின் பக்கவாட்டில் டாப்ளர் என்ற ஒலியலைக் கருவியை வைத்தும் இதைச் செய்யலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: கதவு திறக்க நீங்கள் மூச்சைப் பிடித்து நன்றாக முக்க வேண்டும். மயக்க ஊசி போட்டு, வாயில் குழாயோடு படுத்திருப்பவரால் அதைச் சரியாகச் செய்வது கடினம். கதவு இருந்தும் 'இல்லை' என்று ரிப்போர்ட் வந்துவிடலாம். விழித்த நிலையில் ஒரு குமிழிகூடத் தாண்டவில்லை என்றால் டி.இ.இ.க்கான அவசரம் பெரும்பகுதி குறையும். நேரே நீண்டநாள் துடிப்புப் பதிவுக்குப் போகலாம். குமிழி தாண்டினால் டி.இ.இ. செய்துகொள்ளுங்கள்.

அந்தப் பயத்துக்கும் ஒரு வார்த்தை. ஆறு மணி நேரம் பட்டினி, தொண்டையை மரத்துப்போக வைக்கும் ஸ்ப்ரே, லேசாகத் தூங்க ஒரு ஊசி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். குழாய் உள்ளே இருப்பது பெரும்பாலும் அரை மணிக்குள். பிறகு ஓரிரு நாள் தொண்டை கரகரக்கும். உணவுக்குழாயில் கிழிசல் போன்ற பெரிய ஆபத்து பத்தாயிரம் பேரில் ஒரு சிலருக்கு. விழுங்கும்போது சிக்கல், உணவுக்குழாயில் முன்பு அறுவை சிகிச்சை, கல்லீரல் நோய், ஆடும் பல் இவற்றில் ஏதாவது இருந்தால் முன்கூட்டியே கட்டாயம் சொல்லுங்கள். அன்று வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். எழுத்தில் சம்மதம் கேட்பார்கள். 'இதில் என்ன கிடைத்தால் என் வைத்தியம் எப்படி மாறும்?' என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. வேண்டாம் என்றால் வைத்தியம் நின்றுவிடாது. ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, ஒற்றை ஆஸ்பிரின் வகை மாத்திரை, கொழுப்பு மாத்திரை, துடிப்புப் பதிவு எல்லாம் தொடரும். மேலறைச் சுவரைப் பற்றி மட்டும் தெரியாமலே இருப்பீர்கள். எதைச் செய்தாலும் படங்களின் நகலை வாங்கி வையுங்கள்; வேறொரு மருத்துவர் கருத்துக் கேட்கும்போது ரிப்போர்ட்டைவிடப் படம்தான் உதவும்.

மறுபடி பேச்சோ கையோ முகமோ திடீரென்று தடுமாறினால், படுத்துப் பார்க்காதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்; சென்ற முறை அதில் இரண்டைப் படுக்கையிலேயே செலவழித்துவிட்டீர்கள்.

இனி அந்தப் பின்குறிப்பு. 'எனக்கு ஓட்டை இருந்தால் 24 வயது மகளுக்கும் இருக்குமே, அவளுக்கும் இப்போதே பார்த்துவிடலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்களைவிட அவள் கொஞ்சம் அதிகமாகவே பயந்திருக்கிறாள் போலிருக்கிறது. நான்கில் ஒருவருக்கு இருப்பது அவளுக்கும் இருக்கலாம். பக்கவாதம் வராத ஒருவருக்கு அதைக் கண்டுபிடித்தால் நாங்கள் செய்வதற்கு எதுவுமில்லை, அடைப்பதும் இல்லை. அவளை ஒரே ஒரு வேலைக்கு அனுப்புங்கள்: உங்கள் ரத்த அழுத்தத்தைக் காலையும் மாலையும் வீட்டில் அளந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் எழுதித் தரட்டும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.